பச்சை எழுத்தைத் தொடக் கூடாது

செப்டம்பர் 13, சனி

காலை எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். இன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை நடந்ததை நடந்தபடி எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் வரும்படி எதையும் மாற்ற மாட்டேன். வேறு யாரும் படிக்கப்போவதில்லை. பொய் சொல்லி என்ன லாபம்?

பள்ளி விடுமுறை முதல் நாள். அப்பாவோடு கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில். பெட்டிக்குள் பல் கிட்டும் குளிர். அப்பா நின்றபடியே தூக்கம். கழுத்தில் அளவு நாடா, கழற்ற மறந்துவிட்டார். எதிரே ஒரு சீன ஆன்டி இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளி நெருங்குவதால் பிரிக்பீல்ட்ஸ் தையல் கடையில் அப்பாவுக்கு விடுமுறையே இல்லை. நான் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, மாடியிலுள்ள வாசகசாலையில் (இனி வா.சா.). இங்கே இணையம் இலவசம், வீட்டைவிட வேகம்.

வா.சா.வைப் பார்த்துக்கொள்ளும் சாமி அங்கிள், பார்த்ததும்: "பாப்பா, ஏர்கோன் சுவிட்ச தொடாத. அது என் பேச்சு மட்டும்தான் கேக்கும்."

வந்த வேலை: 'இருவர் கதை' போட்டி. இரண்டு மாணவர் சேர்ந்து ஒரு சிறுகதை. வெள்ளி மாலை ஆறு மணிக்குள் இணைய ஆவணத்தின் இணைப்பை அனுப்ப வேண்டும். அத்தோடு இருவரும் தனித்தனியாக 'இது எங்கள் கதை' என்று மின்னஞ்சல் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் கதை சேராது.

என் இணை பிரவீணா (இனி பி.). முதலாம் ஆண்டிலிருந்து தோழி. கதை அவள் அம்மாவைப் பற்றியது. எங்களையெல்லாம் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வேன் ஆன்டி அவர். கதையில் பெயர் மட்டும் விமலா ஆன்டி. மார்ச் மாதம் கண் பரிசோதனையில் ஆன்டி தேறவில்லை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கவில்லை. வேன் போயிற்று. செமினியில் மாமா வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆன்டிக்கு இப்போது ஏதோ தொழிற்சாலையில் வேலை. பி.க்குப் புதுப் பள்ளி. கணினி கிடையாது, அம்மாவின் கைப்பேசியில்தான் எழுதுகிறாள், அதுவும் மாலையில் அம்மா வந்த பிறகு.

எங்கள் சட்டம் (வேன் இருந்த காலத்தில், கடைசி இருக்கையில் போட்டது):
- நான் நீல எழுத்து, அவள் பச்சை.
- ஒருவர் நிறத்தை மற்றவர் தொடக் கூடாது.
- சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேள்வி எழுதிக் காத்திருக்க வேண்டும்.

கதை முக்கால்வாசி முடிந்தது. வருணனை என்னுடையது. விமலா ஆன்டியின் பேச்சு முழுவதும் பி. முடிவு மட்டும் இல்லை. வேன் போன பிறகு விமலா ஆன்டிக்கு என்ன ஆகிறது? எனக்குத் தெரியாது. பி.க்குத் தெரியும். எழுத மாட்டேன் என்கிறாள்.

'இணைய ஆவணத்தில் மளமளவென்று எழுதுவது எப்படி' என்று ஒரு காணொளி பார்த்தேன். குறிப்பெடுத்தவை:
1. முழுத்திரையில் எழுது.
2. முதலில் உட்தலைப்புகள் போடு.
3. கடிகாரம் வைத்து எழுது, மணி அடித்தால் நிறுத்து.
4. குரலால் எழுது.
5. குரல்பதிவுகளை இரட்டை வேகத்தில் கேள், நேரம் மிச்சம்.
6. 'தேடி மாற்று' வசதியைப் பயன்படுத்து.

1, 2, 3 இன்று செய்தாயிற்று. மணி அடித்தது. நிறுத்தினேன். நிறுத்த எதுவும் இல்லை. தலைப்பின் எழுத்துருவை மட்டும் பலமுறை மாற்றியிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீடு. பகலில் புழுக்கம், மாலையில் இடி மழை. துணி எடுக்க ஓடியதில் ஒரு செருப்பு வடிகாலில்.

குறிப்பு 4-ஐ முயன்றேன். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, நல்ல குரலில் சொன்னேன். ஆவணத்தில் வந்தது: 'விமலா ஆன்டி வேனின் கதவைத் திறந்தபோது ஏங்க காஸ் முடிஞ்சிருச்சு அந்த பாய்க்கு போன் போடுங்க வானம் வெளுத்திருந்தது சாமான் கழுவுற சவுக்காரமும் இல்ல.' அம்மாவின் பகுதி என் பகுதியைவிட உயிரோடு இருக்கிறது. அழித்தேன்.

மழை விட்டதும் திரையில் பச்சைக் கோடு. பி.! அதன் தலையில் அவள் பெயர். நான் எதுவும் தட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் எழுதுவதை எழுத்தெழுத்தாகப் பார்க்கப் பிடிக்கும். விமலா ஆன்டி வேனில் பிள்ளைகளைத் திட்டும் இடம்:

"ஏய், பேக்க மடியில வை லா! சீட்டு என்ன ஒங்க தாத்தா எழுதி வச்சதா? டேய் முட்டக்கண்ணா, ஜன்னல்ல தலைய நீட்டாத, எதுக்க வர்ற லோரிக்காரன் வீட்டுக்குக் கொண்டுபோயிருவான். எல்லாரும் வாய மூடுங்க. நான் ரேடியோ கேக்கணும்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்படியே ஆன்டி. ரேடியோ கேட்கணும் என்பார், அந்த வேனில் ரேடியோவே கிடையாது.

பக்கத்து உரையாடல் பெட்டியில் கேட்டேன்: "சூப்பர். அப்புறம்?"
பி.: "அப்புறம் தெரில."
நான்: "முடிவு எழுதேன். அஞ்சு நாள்தான் இருக்கு."
பி.: "தெரியும் லா."

பச்சைக் கோடு கடைசி வரிக்குக் கீழே போய் நின்றது. மின்னிக்கொண்டே இருந்தது. ஒரு எழுத்தும் வரவில்லை. பிறகு கோடும் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

வெயில். வா.சா.

காலையில் புலனத்தில் (வாட்ஸ்அப்) எங்கள் தமிழாசிரியை அமுதா டீச்சரின் குரல்பதிவு. கொமுட்டரில், இரட்டை வேகத்தில் (குறிப்பு 5) கேட்டேன். "யாழினி, கதை படிச்சேன் மா, நல்லா வந்திருக்கு. ஆனா நடையைக் கொஞ்சம் பாருங்க. நல்ல தமிழ்ச் சொல் இருக்கறப்போ மலாய்ச் சொல் எதுக்கு? 'லா'வெல்லாம் போட்டா நடுவர்கள் என்ன நெனப்பாங்க?" கே.எல். சென்ட்ரல் வந்துவிட்டது, இறங்கினோம்.

மலாய்ச் சொற்கள் எல்லாம் பி.யின் பகுதியில். என் நீலத்தில் ஒன்றுகூட இல்லை.

ஓரத்தில் கேள்வி போட்டிருக்கலாம். சட்டம் அதுதான். ஆனால் அவள் மாலையில்தான் பார்ப்பாள், பதில் வர நாளாகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். குறிப்பு 6. தேடி மாற்று. 'லோரி' போய் 'சரக்குந்து'. 'பாசார்' போய் 'சந்தை'. ஒரு பொத்தான், எல்லா இடத்திலும் மாறிவிட்டது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். இந்த மூன்று நாளில் முதல்முறையாக வேலை நடக்கிறது என்று தோன்றியது.

அப்புறம் கையாலேயே சில வரிகள். விமலா ஆன்டி இப்போது சொல்கிறார்: "பிள்ளைகளே, உங்கள் பைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாளரத்துக்கு வெளியே தலையை நீட்டாதீர்கள்."

பச்சை எழுத்துக்கு நடுவில் தட்டினால் தானாகவே பச்சையாக வரும். நீலத்துக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அவள் எழுதியது போலவே இருந்தது. இதையும் எழுதுகிறேன்.

கடைசியாக, பேச்சின் வாலில் ஒட்டும் 'லா'வைத் தேடி, அதற்குப் பதில் ஒன்றுமில்லை என்று போட்டு, எல்லாவற்றையும் மாற்று.

ஐயோ.

சிலாங்கூர், சிங்கூர் ஆனது. கோலாலம்பூர், கோலம்பூர். எல்லாரும், எல்ரும். விமலா ஆன்டி, விம ஆன்டி. பக்கம் பக்கமாக விம ஆன்டி. ஒரு நொடி சிரிப்பு வந்தது. அதே நொடியில் திரையில் பச்சைக் கோடு. பகல் வேளையில் பி. வருவதே இல்லை. இன்று ஆன்டிக்கு விடுப்பாக இருக்கும்.

பி.: "என்ன லா நடக்குது இங்க?"

பின்னோக்கும் அம்பை அழுத்தினேன். விமலா ஆன்டி திரும்பி வந்தார். சிலாங்கூர் வந்தது.

நான்: "ஒன்னுமில்ல. சும்மா டெஸ்ட் பண்ணேன். சரியாயிருச்சு."

பச்சைக் கோடு மேலே போனது. பத்தி பத்தியாக இறங்கி வந்தது. "பிள்ளைகளே" என்ற இடத்தில் நின்றது. நான் என் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே படிக்கிறாள், நான் இங்கே பார்க்கிறேன், நடுவில் கைநீட்டி மறைக்க முடியவில்லை.

கோடு மறைந்தது.

சாமி அங்கிள்: "என்ன பாப்பா, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க? ஏர்கோன் கொறைக்கவா?"

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசியா தினம். வா.சா. பூட்டு. கார்களில் கொடி. அப்பா மட்டும் வேலைக்கு.

பி.க்குப் புலனத்தில் நான்கு செய்தி. படித்ததற்கான நீலக் குறி விழவில்லை.

அம்மா: "மூஞ்சி ஏன் தொங்குது? பிரவீணாவோட சண்டையா?"
"இல்லம்மா."
"அப்ப சண்டைதான்."
"சண்ட போட அவ வரவே இல்ல."
"போன் போடு. தட்டிக்கிட்டே இருந்தா? வாயத் தொறந்து பேசு."

போட்டேன். எடுக்கவில்லை. ஆன்டியின் கைப்பேசி அல்லவா, ஆன்டி வேலையில் இருக்கலாம். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஆவணத்தில் பழைய பதிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கும். யார், எப்போது, என்ன எழுதினார்கள், அழித்தார்கள் என்று காட்டும். ஞாயிறு இரவுப் பதிப்பைத் தேடும்போது வேறு நாள்கள் கண்ணில் பட்டன. பச்சையாக நிறைய எழுதி, நிறைய அழித்திருக்கிறாள். முடிவுதான். ஆன்டி இல்லாத நேரம் பார்த்து அவர் வீட்டு அலமாரியைத் திறந்தது போல இருந்தது. படிக்காமல் கடந்துவிட்டேன். (ஒரு வரி படித்தேன். 'மாமா வீட்டில் மெதுவாகப் பேசணும்.' அவ்வளவுதான்.)

ஞாயிறு பதிப்பில் 'மீட்டெடு' அழுத்தினேன். லோரி வந்தது. பாசார் வந்தது. தாத்தா எழுதி வைத்த சீட்டு வந்தது. நேற்று பி. போன பிறகு நான் நீலத்தில் எழுதிய ஒரே நல்ல பத்தி போய்விட்டது. போகட்டும்.

ஒவ்வொரு எழுத்தும் பழைய இடத்தில் இருக்கிறது. பி. வரவில்லை.

மதியம்: சாதம், பருப்பு, நெத்திலி சம்பல். சாப்பிட முடிந்தது. அதுவும் வருத்தமாக இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

மேகமூட்டம். வா.சா.

பதினொரு மணிபோல் ஆன்டியின் எண்ணிலிருந்து அழைப்பு. படிக்கட்டுக்கு ஓடினேன். கீழே பூக்கடை இரைச்சல், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். நினைவில் உள்ளபடி:

"அம்மா இன்னிக்கு ஆஃப். தூங்கறாங்க. சீக்கிரம் பேசணும்."
"பிரவீ, சாரி. நான் எல்லாத்தையும் பழையபடி..."
"பார்த்தேன்."
"டீச்சர்தான் சொன்னாங்க, மலாய்ச் சொல்லு..."
"டீச்சர் வேன்ல வந்தாங்களா? நீதான் வந்த. தெனமும் வந்த."

இரைச்சலுக்கு இன்னும் இரண்டு படி மேலே ஏறினேன்.

"எங்கம்மா பேசறது ஒனக்கு வெக்கமா இருக்கா?"
"இல்ல! சத்தியமா இல்ல. ஜெயிக்கணும்னுதான்..."
"எங்கம்மாவ மாத்திட்டு ஜெயிக்கணும். அதுவும் என் கலர்ல."

அவளே தொடர்ந்தாள்: "இப்ப அம்மா பேசறதே இல்ல, தெரியுமா? ஃபேக்டரில நாள் பூரா மாஸ்க். வீட்டுக்கு வந்தா மாமா வீடு. அத்த தலவலிம்பாங்க, சத்தம் கூடாது. நேத்து முழுக்க அம்மா சொன்னது 'சாப்டியா', 'வெளக்க அணை'. அவ்ளோதான். வேன்ல பேசினத நான் வேற எங்கயும் எழுதி வைக்கல யாழி. அதுல மட்டும்தான் இருக்கு."

அப்போது நான் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதாமல் விட ஆசை. ஆனால் சனிக்கிழமை சொல்லிவிட்டேன். கேட்டது: "வெள்ளிக்கிழம மெயில் போட்டுருவ தானே?"

பூக்கடை அண்ணன் யாரிடமோ, "அக்கா, மல்லி இன்னிக்கு அப்படித்தான், வேணும்னா எடுங்க" என்றார்.

"பார்ப்போம் லா," என்றாள் பி. வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

வெயில், தூசி. வா.சா.

நீல எழுத்தில் முடிவை நானே எழுதிப் பார்த்தேன். முழுத்திரை, கடிகாரம், எல்லாம் வைத்துக்கொண்டு. விமலா ஆன்டி வாயைத் திறந்தால் அமுதா டீச்சர் பேசுகிறார். அழித்தேன். திரும்பவும் எழுதினேன். அழித்தேன்.

அமுதா டீச்சரிடமிருந்து செய்தி: முடிந்துவிட்டதா? நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். உடனே குரல்பதிவு: "நான் கடைசியில சொன்னேனே மா, ஆட்கள் பேசற எடத்துல அப்படியே விடுங்க, அதுதான் கதைக்கு அழகுன்னு. முழுசாக் கேக்கலையா?"

திங்கட்கிழமைப் பதிவைச் சாதாரண வேகத்தில் கடைசிவரை கேட்டேன். சொல்லியிருக்கிறார். கே.எல். சென்ட்ரலுக்குப் பிறகு.

யாரைக் குறை சொல்வது? காணொளிக்காரனையா?

மதியம் அப்பாவோடு கடைக்குப் பின்னால் நாசி லெமாக் சாப்பிட்டேன். வேன் ஆன்டியை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அப்பாவுக்குச் சிரிப்பு. "அந்தம்மாவா! ஒரு நாள் ஒன் தண்ணி போத்தல குடுக்க ஓடி வந்தேன். வண்டிய நிறுத்தி எல்லா புள்ளைங்க முன்னாலயும், 'ஏன் அண்ணே, ஊருக்கே பட்டன் வக்கிறீங்க, ஒங்க சட்டையில ரெண்டாவது பட்டன் எங்க? மொத அத தையிங்க, அப்புறம் தண்ணி குடுக்கலாம்'னு சொன்னாங்க. நான் அப்படியே சட்டையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அப்பா பேசும்போது ஆன்டி குரலே வந்தது.

கதையில் சேர்க்கக் கை பரபரத்தது. சேர்க்கவில்லை. ஞாயிறு இரவு பச்சைக் கோடு நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், அப்பா சொன்னதை அப்படியே எழுதினேன். கீழே: 'இது உன் அம்மா பேசியது. எங்கே வைப்பது, வைப்பதா வேண்டாமா, நீ சொல்.'

காத்திருந்தேன். அங்கிள் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பிக்கும்வரை. யாரும் வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையிலிருந்தே இருட்டு. மதியம் மழை பிடித்தது. வா.சா.வில் நானும், பத்திரிகை முகத்தில் விழத் தூங்கும் ஒரு தாத்தாவும்.

ஆவணம் காலையிலிருந்து திறந்திருக்கிறது. நான் ஒரு எழுத்தும் தட்டவில்லை. செய்ய எதுவுமில்லை. என் பகுதி முடிந்துவிட்டது, மற்றது என்னுடையது இல்லை. சொல் எண்ணிக்கை கீழே அசையாமல் இருக்கிறது.

மூன்று மணி. இல்லை.

நான்கு. மழை. இணையம் போய் வந்தது. அந்த இடைவெளியில் அவள் வந்து போயிருப்பாளோ என்று பயம். பழைய பதிப்புகளைப் பார்த்தேன். வரவில்லை.

ஐந்து தாண்டியதும் அப்பா நனைந்த குடையோடு மாடிக்கு வந்தார். "போலாமா? இந்த மழைக்கு ட்ரெயின் லேட்டாகும்."
"இன்னும் கொஞ்ச நேரம் பா."
என் முகத்தைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அங்கிள்: "வெள்ளிக்கிழம நான் ஆறுக்கு டாண்ணு மூடிருவேன் பாஸ். எனக்கும் கோயிலுக்குப் போகணும்."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கோடு!

ஓரத்தில், என் கேள்விக்குக் கீழே அவள் எழுதுகிறாள்:

'அம்மாகிட்ட இத படிச்சுக் காட்டினேன். தையல்கார அண்ணனான்னு கேட்டாங்க. சிரிச்சாங்க. இப்பவாச்சும் அந்த ரெண்டாவது பட்டன் இருக்கான்னு கேக்கச் சொன்னாங்க. சத்தமா கேட்டாங்க. அத்த உள்ளேருந்து எட்டிப் பார்த்தாங்க.'

அப்பாவிடம் காட்டினேன். சட்டையைக் குனிந்து பார்த்தார். "இருக்குன்னு சொல்லு," என்றார். தட்டினேன்.

பச்சைக் கோடு ஓரத்தை விட்டு, கதையின் கடைசி வரிக்குக் கீழே போய் நின்றது. நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போலவே.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எழுத்து வருகிறது. மெதுவாக. ஒரு சொல் வந்து, அழிந்து, வேறு சொல். நான் பார்த்துப் பார்த்து இங்கே எழுதிக்கொள்கிறேன்:

'வண்டிய வாங்குற ஆளு காலையில வர்றதாச் சொல்லியிருந்தாரு. கடைசிப் புள்ளைய வாசல்ல எறக்கிவிட்டுட்டு விமலா ஆன்டி வண்டியத் திருப்பினாங்க. மேட்டுக்கிட்ட வந்தாங்க, வழக்கமா புள்ளைங்கள மெரட்டுற எடம். கண்ணாடியில பின்னால பார்த்தாங்க. சீட்டெல்லாம் காலி.

"ஏய், சத்தம் போடாதீங்க லா," ன்னாங்க.'

அப்புறம் எழுத்து வரவில்லை. கோடு அந்த வரியின் முடிவிலேயே இருக்கிறது.

இணைப்பை அனுப்பினேன். என் மின்னஞ்சலும் போய்விட்டது: 'இது எங்கள் கதை.' அவளுடையது? பெட்டியில் கேட்கலாம். விரல் எழுத்துகள்மேல் வந்துவிட்டது. புதன்கிழமை கேட்டது போதும். எடுத்துவிட்டேன்.

அங்கிள் சாவிக் கொத்தோடு சுவிட்சுகள் பக்கம். "ஆறாச்சு பாப்பா."
அப்பா: "ஒரு நிமிசம் அண்ணே. அங்க ஒரு புள்ள இன்னும் இருக்கு."
"எங்க? இங்க யாரும் இல்லையே?"

பச்சைக் கோடு மின்னுகிறது. அனுப்பிவிட்டாளா, அனுப்பிக்கொண்டிருக்கிறாளா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா, இங்கிருந்து தெரியவில்லை. திரை வெளிச்சத்தில்தான் இந்த வரியை எழுதுகிறேன். அங்கிள் விளக்குகளை அணைத்துவிட்டார்.